பழைய பெட்டிக்குப் புதுக் கைப்பிடி: வாங்குமுன் உள்ளே பாருங்கள்

பெட்டியின் பிடி கையோடு வந்துவிட்டால், இணையக் கடையில் தேடி, பார்க்க லட்சணமாக இருப்பதை உடனே ஆர்டர் போட்டுவிடுகிறோம். பார்சலைப் பிரித்தால் பழைய ஓட்டையும் புதுப் பிடியின் ஓட்டையும் நேருக்கு வராது. கூட வந்த ஸ்குரூ ஒன்று பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும், இல்லாவிட்டால் பாதியிலேயே நின்றுவிடும். எப்படியோ மாட்டித் தூக்கினால் கொஞ்ச நாளில் அதே இடம் மறுபடி பிய்த்துக்கொண்டு வரும்.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. பழைய பெட்டிகளில் பிடி அறுவதைவிட, பிடியைப் பிணைத்த இடம் விட்டுப்போவதுதான் அதிகம். அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் பெட்டியின் சுவர், அடுத்து பிணைப்பு, கடைசியில்தான் பிடி.

சிங்கப்பூரில் நம் வீடுகளில் இப்படிப்பட்ட பெட்டிகளுக்குக் குறைவில்லை. ரஜூலா, சிதம்பரம் என்ற கப்பல்களில் ஊரிலிருந்து வந்த தகர டிரங்குப் பெட்டி கட்டிலுக்கடியில் கிடக்கும். பிள்ளைகளின் மிருதங்க வகுப்புக்காக ஊரிலிருந்து செய்து வாங்கி வந்த ஃபைபர் பெட்டி, பஜனைக்குப் போகும் ஹார்மோனியப் பெட்டி, ஆசாரியிடம் சொல்லிச் செய்த வீணைப் பெட்டி, பாட்டியின் சிங்கர் தையல் மெஷினை மூடும் வளைந்த மர மூடி என்று பட்டியல் நீளும். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். சுவர் எதனால் ஆனது என்பதைப் பொறுத்து வேலை மாறும்.

உட்பக்கத்தில் என்ன இருக்கிறது

பெட்டியைக் காலி செய்து, வெளிச்சம் விழும் இடத்தில் திறந்து வையுங்கள். பிடி இருக்கும் பக்கத்தின் உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். வெல்வெட்டுக்கோ காகிதத்துக்கோ அடியில் ரிவிட்டின் முனையும் நட்டின் மேடும் விரலில் தட்டும். எதுவுமே தட்டவில்லை என்றால், வெளியிலிருந்து வெறும் ஸ்குரூவைக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மலிவாகச் செய்த பெட்டிகளில் இது சகஜம். இப்படிப்பட்ட பெட்டிதான் முதலில் கழன்றுவரும்.

உள்துணியை முழுக்க உரிக்கத் தேவையில்லை. பிடிக்கு நேராக மூன்று பக்கம் மட்டும் பிளேடால் கீறி, நாலாவது பக்கத்தை மடிப்பாக விட்டு விலக்குங்கள். பசை பிடித்துக்கொண்டிருந்தால் ஹேர் டிரையரின் சூட்டை அரை நிமிடம் காட்டி, காலாவதியான அட்டை ஒன்றை அடியில் விட்டு நெம்பினால் கிழியாமல் வந்துவிடும். வாடை அடித்தாலோ கரும்புள்ளிகள் தெரிந்தாலோ அது பூசணம். முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள், சன்னலையும் திறந்து வையுங்கள்.

இப்போது ஓட்டையைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கல்லாக நின்றால் சுவர் நன்றாக இருக்கிறது. அமுங்கினாலோ ‘சர சர’ என்று சத்தம் கேட்டாலோ ப்ளைவுட்டின் அடுக்குகள் பிரிந்துவிட்டன. மாவாக உதிர்ந்தால் மக்கிவிட்டது, அல்லது கரையான் பார்த்துவிட்டது. ஓட்டை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இழுபட்டிருந்தால், பல வருடம் பாரம் ஒரே திசையில் இழுத்திருக்கிறது. தகரப் பெட்டியானால் ஓட்டையின் விளிம்பில் கீறல் கிளம்பியிருக்கிறதா பாருங்கள். தகரத்தில் அந்தக் கீறல் தானாக நிற்காது.

பிணைப்பு கெட்டியாக இருந்து, தோலோ பிளாஸ்டிக்கோ மட்டும் அறுந்திருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பாதி வேலை மிச்சம். அளவெடுத்து வேறு பிடி வாங்கி மாட்டினால் போதும்.

சுவரின் கனத்தை அளக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. உட்பக்கம் ஓட்டையின்மேல் ஒரு அட்டையை ஒட்டி வைத்துப் பிடியுங்கள். வெளியிலிருந்து ஒரு பல்குச்சியை அட்டையில் முட்டும்வரை விட்டு, வெளிச்சுவரோடு சேரும் இடத்தை நகத்தால் பிடித்தபடி உருவி எடுத்து அளவுகோலில் வையுங்கள். பழைய மரப்பெட்டிகளில் 9 முதல் 12 மில்லிமீட்டர் வரும். ப்ளைவுட் பெட்டியில் 4 முதல் 6 வரும். தகர டிரங்கில் 1 மில்லிமீட்டரைத் தாண்டுவதே அபூர்வம்.

எடையும் நடுவும்

குளியலறை எடைத்தராசில் வெறுங்கையோடு ஏறி நின்று பாருங்கள், பிறகு நிறைத்த பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பெட்டியின் எடை. காலிப் பெட்டியை எடை போட்டு ஏமாறாதீர்கள். மிருதங்கத்தோடு ரவை, கல், துண்டு, தண்ணீர்ப் புட்டி எல்லாம் உள்ளே போகும் என்பது அதைத் தூக்குகிறவருக்குத்தான் தெரியும். வார்ப்பிரும்பில் செய்த பழைய கைத்தையல் மெஷின் என்றால், பெட்டியோடு சேர்த்து 15 கிலோ பக்கம் வந்து நிற்கும்.

அடுத்தது பாரத்தின் நடு. அளவுநாடா காட்டும் நடுவும் பாரத்தின் நடுவும் ஒன்றல்ல. தரையில் ஒரு துடைப்பக் குச்சியைப் படுக்கவைத்து, சாமான் நிறைத்த பெட்டியை அதன்மேல் குறுக்காக ஏற்றி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். மிருதங்கத்தில் தொப்பி எனப்படும் இடதுகைப் பக்கம் அகலம் என்பதால் கோடு அந்தப் பக்கம் சற்று நகரும். வீணையில் குடத்தின் பக்கம் நன்றாகவே தள்ளிப்போகும். பிடியின் நடு இந்தக் கோட்டில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் தூக்கும்போதெல்லாம் ஒரு முனை முழங்காலில் இடிக்கும். பிடியின் இரு பிணைப்பில் ஒன்றுமட்டும் எப்போதும் கூடுதலாகச் சுமக்கும், அதுவே முதலில் போகும். ஒரு பக்க ரிவிட் மட்டும் அடிக்கடி கழலும் பெட்டிகளை எடுத்துக்கொண்டால், பெரும்பாலும் இதுதான் நோய்.

நீளமான வீணைப் பெட்டிக்கு ஒரே பிடியில் நியாயம் செய்ய முடியாது. பக்கவாட்டில் ஒன்று, முனையில் ஒன்று என்று இரண்டாக வைத்துவிடுங்கள். எம்ஆர்டி ரயில் நிலையத்தின் நகரும் படிக்கட்டில் நிமிர்த்திப் பிடிக்க முனைப்பிடிதான் கைகொடுக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். பிடி மூடியில் இருக்கிறதா, அடிப்பெட்டியில் இருக்கிறதா? மூடியில் இருந்தால் முழுப் பாரமும் கீலிலும் தாழ்ப்பாளிலும் தொங்குகிறது. தையல் மெஷினின் வளைந்த மர மூடி அப்படித்தான்: பிடி மூடியின் உச்சியில், மெஷின் அடிப்பலகையில், இரண்டையும் சேர்த்து நிறுத்துவது ஒரு சின்னப் பூட்டு. அங்கே எவ்வளவு பலமான பிடி போட்டாலும் பூட்டு நழுவினால் மெஷின் காலில் விழும். அந்த மாதிரிப் பெட்டிக்குப் பிடியை மாற்றுங்கள், சரி. ஆனால் தூக்கும்போது இன்னொரு கையை அடியில் கொடுத்தே ஆகவேண்டும்.

எந்தப் பிடி

ஓட்டையின் நடுவிலிருந்து ஓட்டையின் நடுவரை அளந்து மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய பெட்டிகள் அங்குலக் கணக்கில் பிறந்தவை. இப்போது விற்கும் பிடிகள் மில்லிமீட்டர் கணக்கு. 5 அங்குலம் என்பது 127 மில்லிமீட்டர். அலமாரிப் பிடிகள் 96, 128, 160 என்று 32-இன் மடங்கில் வருவதால், 127-க்கு 128 என்று ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் அழகாகப் பொருந்திவிடும். அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். அலமாரிப் பிடி இழுக்கச் செய்தது, தூக்கச் செய்ததல்ல. அதன் ஸ்குரூ மெலிசு, உள்ளே உலோகம் பல நேரம் வெறும் வார்ப்பு. ஒரு பாட்டுப் புத்தகப் பெட்டிக்கு ஆகும், ஹார்மோனியத்துக்கு ஆகாது.

கைக்கு எது சுகம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நாலு விரலும் தாராளமாக நுழைய உள்நீளம் 100 முதல் 110 மில்லிமீட்டர் வேண்டும். பெட்டிக்கும் பிடிக்கும் நடுவே 35 மில்லிமீட்டராவது இடைவெளி இல்லையென்றால் விரல்முட்டி உரசும். பிடிக்கும் இடத்தின் கனம் 20 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் 10 கிலோவைக்கூட இரண்டு பஸ் நிறுத்தம் தூரம் கைமாற்றாமல் கொண்டுபோகலாம். பழைய டிரங்குகளில் இருக்கும் மெல்லிய கம்பிப் பிடி இரண்டு பேர் இரண்டு பக்கம் தூக்க வைத்தது. ஒருவர் ஒற்றைக் கையில் சுமக்க வைத்ததல்ல. அதையே வைத்துக்கொள்ள ஆசையென்றால் கம்பியின்மேல் ரப்பர் குழாயைப் பிளந்து மாட்டிவிடுங்கள்.

தோல் வார்ப்பிடி பார்க்க அழகு, கைக்கும் இதம். தாவரச் சாற்றில் பதனிட்ட, 3 முதல் 4 மில்லிமீட்டர் கனமுள்ள கெட்டித் தோல் வாங்குங்கள். கைப்பைகளுக்குப் பயன்படுத்தும் மிருதுவான தோல் பாரத்தில் நீண்டுகொண்டே போகும். உள்ளே ஒரு இரும்புப் பட்டை வைத்துத் தைத்ததானால் இன்னும் நல்லது.

‘பியூ’ தோல் என்று விற்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இது பாலியூரித்தேன் பூச்சு. காற்றிலுள்ள ஈரமே அதைச் சிதைக்கும். சிங்கப்பூரில் ஈரப்பதம் ஆண்டு முழுக்க சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. அதனால்தான் அலமாரியில் சும்மா வைத்திருந்த செருப்பும் சோபா உறையும் கூட ஒருநாள் பொடிப்பொடியாக உதிர்கின்றன. பெட்டிப் பிடியிலும் அதே கதிதான், என்ன விலை கொடுத்தாலும். தோலுக்குச் செலவழிக்க மனமில்லையென்றால் 38 மில்லிமீட்டர் அகல நைலான் வாரை எடுத்து இரண்டாக மடித்துத் தையுங்கள். அழகு கொஞ்சம் குறையும், உழைப்பில் குறை வைக்காது. வெட்டிய முனையை லைட்டர் சுடரில் காட்டினால் பிரி பிரியாது.

விமானத்தில் சரக்காகப் போகிற பெட்டிக்கு, பிடித்துத் தூக்கினால் நிமிர்ந்து, விட்டால் படுத்துக்கொள்ளும் ஸ்பிரிங் பிடியோ, சுவருக்குள் குழியில் பதியும் பிடியோ நல்லது. துருத்திக்கொண்டிருக்கும் எதுவும் பெல்ட்டில் மாட்டி உடையும். ஆனால் குழிப்பிடிக்குச் சுவரில் ஒரு சன்னலே வெட்ட வேண்டும். கையால் செய்த பெட்டியில் அதைச் செய்ய எனக்கு மனசு வராது.

உலோகம் பற்றிச் சுருக்கமாக: ஈரக் காற்றில் சாதாரண இரும்பு துருப்பிடிக்கும், குரோம் பூச்சும் நாளடைவில் கொப்புளிக்கும். போல்ட், நட், வாஷர் எல்லாம் 304 வகைத் துருப்பிடிக்கா எஃகில் வாங்குங்கள். தகரப் பெட்டியில் பித்தளைப் பிடி மாட்ட ஆசைப்பட்டால் இரண்டுக்கும் நடுவே நைலான் வாஷரோ மெல்லிய ரப்பரோ கொடுங்கள். இரண்டும் நேராகத் தொட்டுக்கொண்டு, நடுவில் ஈரமும் சேர்ந்தால் இரும்புதான் முதலில் அரிக்கும்.

எங்கே வாங்குவது

சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடும்வரை பழைய சூட்கேஸ், பழைய பிடி, பழைய கீல் எல்லாம் தரையில் விரித்துப் போட்டிருப்பார்கள். இப்போது அந்த வசதி இல்லை. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே ஜாலான் புசாரைச் சுற்றிய தெருக்களில் ஹார்ட்வேர் கடைகள் இன்னும் இருக்கின்றன. தேக்காவில் காய்கறி வாங்கப் போகிறவர்கள் நடந்தே போய்வரலாம். பழைய பிடியையும் ஒரு ஸ்குரூவையும் கையோடு கொண்டுபோங்கள். கடைக்கார அங்கிளிடம் பெயர் சொல்லி விளக்குவதைவிட, “அங்கிள், திஸ் ஒன் கேன்?” என்று நீட்டினால் காரியம் சீக்கிரம் நடக்கும். போல்ட்டை ஒன்றிரண்டாக எண்ணித் தரும் கடை இங்கேதான் உண்டு. பெரிய கடைகளில் பாக்கெட்டாகத்தான் கிடைக்கும்.

கிதார், ஆம்ப்ளிஃபையர் பெட்டிகளுக்கான வார்ப்பிடி வேண்டுமென்றால் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் இருக்கும் இசைக்கருவிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இரு முனையிலும் உலோக மூடி வைத்து, நடுவே எஃகுப் பட்டை பொதிந்த அந்தப் பிடிகள் ஹார்மோனியப் பெட்டிக்கு மிகப் பொருத்தம். தோலைத் தைக்க மட்டும் உதவி வேண்டுமானால் காலணி பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்துவிடுவது உத்தமம். அவர் மெழுகு நூலில் போடும் தையல் வீட்டுத் தையல் மெஷினில் வராது. கருவிகளே இல்லாதவர்களுக்கு, 2014-இல் தொடங்கிய ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ இருக்கிறது. பழுதான பொருளைக் கொண்டுபோனால் தன்னார்வலர்கள் கூட உட்கார்ந்து சரிசெய்யக் கற்றுத் தருகிறார்கள்.

பழையதைக் கழற்றுவது

ஸ்குரூ என்றால் திருப்பிக் கழற்ற வேண்டியதுதான். துருவேறி அசையாவிட்டால் ஒரு சொட்டு துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க விடுங்கள். ஸ்குரூடிரைவரின் வாய் ஸ்குரூவின் பள்ளத்தை முழுக்க நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் தலை வழுக்கி மொட்டையாகிவிடும்.

ரிவிட்டில் இரண்டு ரகம் அடிக்கடி பார்க்கலாம். உள்ளே இரண்டு காலாகப் பிரிந்து மடங்கியிருப்பது ஒன்று. தட்டை ஸ்குரூடிரைவரால் கால்களை நெம்பி, குறடால் நேராக்கி, வெளிப்பக்கமாகத் தள்ளினால் வந்துவிடும். மற்றது முனை நசுங்கி மொட்டாக இருப்பது. இதைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். தலையின் நடுவில் ஆணியால் ஒரு சின்னக் குழி தட்டிக்கொண்டு, ரிவிட்டின் தண்டைவிடக் கொஞ்சம் பெரிய டிரில் பிட்டால் தலை மட்டும் கழன்று விழும்வரை மெதுவாகத் துளையுங்கள். சுவருக்குள் போகவேண்டாம். ரிவிட் பிட்டோடு சேர்ந்து சுற்றினால் பின்பக்கம் குறடால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பழைய பெயிண்ட் அடித்த டிரங்கை உலர்வாகத் தேய்க்காதீர்கள். அந்தக் காலத்துப் பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். நனைத்துத் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்து, துணியைத் தூக்கி எறியுங்கள். ஃபைபர் கண்ணாடிப் பெட்டியைத் துளைக்கும்போது வரும் தூளும் தோலில் பட்டால் அரிக்கும், நெஞ்சுக்கும் ஆகாது. கையுறையும் முகக்கவசமும் அவசியம்.

வேலையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் பொதுநடையில் பெட்டியைப் பரப்பினால், தீயணைப்பு விதிப்படி 1.2 மீட்டர் வழி விட்டாகவேண்டும். போகிற வருகிற எல்லோரும் நின்று யோசனை சொல்வார்கள் என்பது தனிக் கதை. இரவு பத்து மணிக்கு மேல் சுத்தியலைத் தொடவேண்டாம்.

மாட்டுவது

பாரத்தை ஒரு புள்ளியில் விடாமல் பரப்புவதுதான் இந்த வேலையின் உயிர். குதிகால் செருப்பு போட்டு மணலில் நடந்தால் புதைகிறது, வெறுங்காலில் நடந்தால் புதைவதில்லை, அவ்வளவுதான் விஷயம். ரிவிட்டின் சின்னத் தலை இழுத்த இழுப்பில்தான் பழைய சுவர் கிழிந்தது. அதே இடத்தில் அதே அளவு தலையை மறுபடி வைத்தால் மறுபடி கிழியும்.

ப்ளைவுட் பெட்டிக்கு நான் செய்வது இது. 6 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில், பிடியின் நீளத்தைவிட இருபக்கமும் மூன்று விரல் அதிகமாக ஒரு பலகையை வெட்டி, விளிம்புகளை உப்புத்தாளால் மழுக்குங்கள். உட்சுவரில் பழைய பசையைச் சுரண்டிவிட்டு, மரப்பசை தடவி, பலகையை ஒட்டிக் கிளாம்ப் போடுங்கள். பிரிந்துபோன அடுக்குகள் இருந்தால் முதலில் அவற்றின் இடுக்கில் ஒரு பழைய அட்டையால் பசையை உள்ளே தள்ளுங்கள். புட்டியில் என்ன எழுதியிருந்தாலும் இந்த ஊர் ஈரத்தில் மரப்பசைக்கு ஒரு முழுநாள் கொடுப்பதுதான் நல்லது. அப்புறம் வெளியிலிருந்து பழைய ஓட்டை வழியாகவே பலகையையும் சேர்த்துத் துளைத்துவிடுங்கள். 5 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 5.5 மில்லிமீட்டர் ஓட்டை. துளைக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு மரத்துண்டை அழுத்திப் பிடித்தால் ப்ளைவுட் சிராய்க்காது.

போல்ட்டின் நீளம் கூட்டல் கணக்குதான். பிடியின் தட்டு 2, சுவர் 6, உள்பலகை 6, வாஷர் ஒன்றரை, நைலான் வளையம் வைத்த நட் 5, நட்டைத் தாண்டி நீட்ட ஒரு 2 என்றால் மொத்தம் 22.5. கடையில் 20 கிடைக்கும், அடுத்தது 25. 25 வாங்குங்கள். கூடுதலாக நீட்டிக்கொண்டிருப்பதை ரம்பத்தால் வெட்டி அரத்தால் தேய்த்துவிடலாம். வாஷர் வாங்கும்போது ஓட்டை சின்னதாகவும் சுற்றுவட்டம் பெரிதாகவும் உள்ளதைக் கேளுங்கள். சாதாரண வாஷரின் அகலம் போதாது. நைலான் வளையம் வைத்த நட் அதிர்ச்சியில் தானாகக் கழலாது. பஸ்ஸிலும் காரிலும் போகிற பெட்டிக்கு அது கட்டாயம். நட்டை இறுக்கும்போது வாஷர் மரத்தில் லேசாகப் பதிகிற நேரத்தில் நிறுத்துங்கள். அதற்குமேல் இறுக்கினால் நாமே சுவரை நசுக்குகிறோம்.

தகரப் பெட்டியிலும் இதே முறைதான், பலகைக்குப் பதில் 3 மில்லிமீட்டர் எஃகுப் பட்டை வைக்கலாம். கீறல் விட்டிருந்தால் அதன் நுனியில் 3 மில்லிமீட்டரில் ஒரு ஓட்டை போடுங்கள், கீறல் அதோடு நின்றுவிடும். அப்புறம் பட்டை கீறலைத் தாண்டிப் போகும்படி நீளமாக வெட்டுங்கள். துளைத்த விளிம்புகளில் துரு தடுக்கும் பெயிண்ட் ஒரு பூச்சு. வெளியிலிருந்தே ரிவிட் அடிக்கும் பாப் ரிவிட் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு அதை உபயோகிக்கக் கை துறுதுறுக்கும். மூலைத்தகடு ஒட்ட அது சரி. எடை தூக்கும் இடத்தில் அலுமினிய பாப் ரிவிட் போட எனக்குச் சம்மதமில்லை.

தோல் சூட்கேஸ், அட்டையில் செய்த சூட்கேஸ் இவற்றில் சுவர் வளையும் தன்மை கொண்டது. உள்ளே கெட்டித் தோல் துண்டு ஒன்றைப் பெரிதாக வெட்டி ஒட்டி, அதன்வழியாகக் காலிரண்டாகப் பிரியும் ரிவிட்டை, பெரிய வாஷரோடு அடியுங்கள். கால்கள் வாஷரின்மேல் மடங்க வேண்டும், தோலில் குத்தக்கூடாது. இந்த ரகப் பெட்டிகளில் பல நேரம் பிடி அப்படியே இருக்கும், பிடியைத் தாங்கும் தோல் காதுகள்தான் நைந்திருக்கும். காதை மட்டும் மாற்றினால் பழைய பிடி பிழைத்துக்கொள்ளும், பெட்டியின் முகமும் மாறாது.

தேக்கு, பலா போன்ற கெட்டி மரத்தில் 12 மில்லிமீட்டருக்குமேல் கனம் இருந்தால் மட்டும் மர ஸ்குரூ போதும். பழைய ஓட்டை தொளதொளத்திருந்தால், அதே மாதிரிக் கெட்டி மரத்தில் ஒரு சின்ன முளை செதுக்கிப் பசையோடு அடித்து, காய்ந்ததும் புதிதாகத் துளையுங்கள். அவசரத்துக்குப் பல்குச்சிகளைப் பசையில் தோய்த்துத் திணிப்பதும் உண்டு. லேசான பெட்டிக்கு அது தாங்கும். பித்தளை ஸ்குரூ போடுவதானால் முதலில் அதே அளவு எஃகு ஸ்குரூவை ஒருமுறை முழுக்க இறக்கிக் கழற்றிவிட்டு, அந்த வழியில் பித்தளையைச் சோப்பில் தேய்த்து இறக்குங்கள். கெட்டி மரத்தில் நேராக முறுக்கினால் பித்தளையின் தலை முறிந்து தண்டு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதை எடுப்பது பிடி மாற்றுவதைவிடப் பெரிய வேலை.

எந்தச் சுவரானாலும் உள்ளே நீட்டும் நட், போல்ட் எல்லாவற்றையும் 5 மில்லிமீட்டர் நுரைத்தாளால் மூடி, அதன்மேல் பழைய துணியைத் திரும்ப ஒட்டுங்கள். மிருதங்கத்தின் வாரிலும் ஹார்மோனியத்தின் துருத்தியிலும் ஒரு நட் உரசினால் போதும், செலவு எங்கேயோ போகும்.

பெட்டிக்கே மதிப்பு இருந்தால் (கொண்டுவந்தவர் பெயர் எழுதியது, கப்பல் சீட்டு ஒட்டியது) புது ஓட்டை எதுவும் போடாதீர்கள். பாரத்தின் நடு கொஞ்சம் தள்ளியிருந்தாலும் பழைய ஓட்டையையே பயன்படுத்துங்கள். கழற்றிய பிடி, ரிவிட் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். அப்படிப்பட்ட பெட்டியைச் சுமந்து திரியாமல் இருப்பது அதைவிட நல்லது.

தூக்கிப் பார்ப்பது

கருவியை வைத்துச் சோதிக்காதீர்கள். வழக்கமான எடையைப் போல் இரண்டு மடங்கு பாரத்தை ஏற்றுங்கள். 10 கிலோ பெட்டியென்றால் 5 கிலோ அரிசிப் பை நாலு, இடம் போதாவிட்டால் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகள் (ஒன்று ஒன்றரை கிலோ). இரண்டு மடங்கு எதற்கு என்றால், பஸ்ஸிலிருந்து அவசரமாக இறங்கும்போதும் படியில் வெடுக்கென்று தூக்கும்போதும் பிடிக்குத் தெரியும் பாரம் நிற்கும்போது இருப்பதைவிட மிக அதிகம். மெத்தைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தூக்கி, ஒரு நிமிடம் பிடித்து, லேசாகக் குலுக்குங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டாலும் இறக்கிவைத்து உள்ளே பாருங்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவே புதிதாக இடைவெளி தெரிந்தால் பசை பிடிக்கவில்லை. வாஷர் குழிந்திருந்தால் இன்னும் பெரிய வாஷர் வேண்டும். ஒன்றும் அசையவில்லை என்றால் கருவியை வைத்து, வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, பெட்டி எந்தப் பக்கமாவது சாய்கிறதா என்று பாருங்கள்.

மரம் புது நட்டுக்குக் கொஞ்சம் பணிந்துகொடுக்கும், அதனால் ஒரு மாதம் கழித்து நட்டுகளை ஒருமுறை தொட்டு இறுக்கிவிடுங்கள். தோல் பிடியை வெள்ளைப் பூசணம் படியாமல் மாதம் ஒருதரம் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், எண்ணெயை அள்ளிப் பூசவேண்டாம். எண்ணெய் ஊறிய தோல் தளர்ந்து நீளும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு கை இடைவெளி விட்டு, உள்ளே ஈரம் உறிஞ்சும் பை ஒன்றைப் போட்டுவையுங்கள், அது நீராகிவிட்டால் மாற்றுங்கள்.